படுத்தாத்தான் உண்டு

இங்க உக்காரும்மா, நான் நகந்துக்கறேன். அந்தப் பையத் தூக்கிக்கிட்டு கம்பியப் புடிச்சிக்கிட்டு எவ்ளோ தூரம் நிப்ப? கடலூர்தானே? நானும் அங்கதான். உக்காரு, உக்காரு.

பைக்குள்ள ஆதாரு, ரேசன் கார்டு எல்லாம் எட்டிப் பாக்குதே, காப்பீட்டு அட்டைக்கா? யாருக்கு, மாமியாருக்கா? எழுபது தாண்டிடுச்சா? காலு வேற வீங்குதா? அப்ப வாங்கிடு, விடாத. ஆனா வாங்கறப்பவே எதுக்கு உண்டு, எதுக்குக் கெடையாதுன்னு தெரிஞ்சி வெச்சிக்க. எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல. எங்க ஊரு பள்ளிக்கூடத்துல கேம்ப்பு போட்டு, மைக்குல ஒரு தம்பி "எல்லாம் இலவசம், எல்லாம் இலவசம்"னு கத்துனான். எல்லாம்னா நாம என்னா நெனைப்போம்? எல்லாம்னுதானே நெனைப்போம்?

என் பேரு அஞ்சலாட்சி. பண்ருட்டிக்கு மேற்க உள்ளுக்குள்ள கெடக்குது எங்க ஊரு. எங்க வூட்டுக்காரரு பலாப்பழ மண்டியில லோடு ஏத்துனவரு. எம்மாம்பெரிய பழமா இருந்தாலும், முள்ளு குத்துதேன்னு பாக்கமாட்டாரு, கொழந்தைய அணைக்கற மாதிரி மார்ல அணைச்சித் தூக்கி லாரி மேல நிக்கறவன் கையில குடுத்துடுவாரு. நெஞ்செல்லாம் தழும்பா இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுசன், தெருக் கொழாயிலேர்ந்து வாசப்படிக்கு வரதுக்குள்ள மூச்சு வாங்கி உக்காந்துட்டாரு. காலு ரெண்டும் வாழைத்தண்டு மாதிரி வீங்கிப்போச்சு.

திருப்பூருல பனியன் கம்பெனியில இருக்கான் எங்க பையன், மணிமாறன். ஒரே புள்ள. அவன் வந்துதான் கடலூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். அட்டை எடுக்கற ஆஸ்பத்திரியாப் பாத்துத்தான் போனோம். அதையும் கேட்டுக்க, எல்லா ஆஸ்பத்திரியிலயும் எடுக்கமாட்டாங்க, லிஸ்டுல இருக்கணும். உள்ள போனதும் காப்பீட்டுக்குன்னே தனியா ஒரு கவுண்டரு. பிரமிளான்னு ஒரு பொண்ணு. அவரு பேரென்னன்னு கேட்டுச்சு. நான் எப்படிச் சொல்லுவேன்? ஆதாரு கார்டக் காட்டுனேன். "கலியபெருமாள்"னு படிச்சிட்டு சிரிச்சிச்சு. தங்கமான பொண்ணு. அவரு வெரல ஒரு மிசின்ல வெச்சி அழுத்துச்சு. கொஞ்ச நேரத்துல "அனுமதி வந்துடுச்சு ஆயா, கவலைப்படாதீங்க"ன்னுச்சு.

நெஞ்சுக்குள்ள கம்பி மாதிரி என்னமோ வெச்சாங்க. இருதயம் தளந்துபோச்சாம். தண்ணிய வெளிய தள்ள அதுக்குத் தெம்பு இல்ல, அதனால காலுக்கு எறங்கி, நுரையீரலுக்கும் ஏறிக்கிச்சாம். உப்பு ஆவாது, தண்ணி அளந்துதான் குடிக்கணும், மாத்திரைய நிறுத்தவே கூடாது. டாக்டரு எனக்கு ரெண்டு வாட்டி சொன்னாரு. எல்லாத்துக்கும் தலையாட்டுனேன். ஒரு காசு கேக்கல, தெரியுமா? கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன், அவ்ளோதான்.

அந்த வார்டப் பத்திச் சொல்றேன் கேளு. கட்டிலோட தலைமாட்டுப் பக்கத்தை ஒரு கைப்பிடியச் சுத்தி உசத்தறாங்க. அவரு சாஞ்சிக்கிட்டே தூங்கலாம். பெல்ல அமுக்குனா சிஸ்டரு வராங்க. மூத்திரம் போறதுக்குக் குழா போட்டுட்டாங்க. வேளைக்குச் சாப்பாடு அவருக்கு வந்துடுது. நான் கட்டிலுக்குக் கீழ பாயப் போட்டுப் படுத்தேன் பாரு, செத்த பொணம் மாதிரி தூங்கிட்டேன். பக்கத்துக் கட்டிலு பொம்பள தட்டித் தட்டி எழுப்பிருக்கா. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நான் சமைக்காம, கூட்டாம, மொழுவாம ஒரு நாளு இருந்தேன்னா அது அங்கதான். சாயந்தரமானா வார்டு பொம்பளைங்க எல்லாம் வராண்டாவுல உக்காந்து பேசுவோம். புருசனுக்குக் கொண்டாந்த பன்னு ரொட்டிய ஆளுக்குக் கொஞ்சம் பிச்சிக் குடுப்பாங்க. என் பையன் தெனமும் வந்து அப்பா காலப் புடிச்சி விடுவான். எனக்கு ஊருக்குத் திரும்பவே மனசில்ல, உன்கிட்ட சொல்றதுக்கென்ன.

வூட்டுக்கு வந்தோம். பையன் திருப்பூருக்குப் போயிட்டான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது, வேலைக்குப் போனாத்தான் சோறு. அதுக்கப்புறம் பாரு, எல்லாம் என் தலையில.

அவரால மல்லாந்து படுக்க முடியாது. படுத்தா மூச்சு முட்டும். செவுத்துல சாச்சா வழுக்கி வழுக்கி எறங்கிடுவாரு. தலையாணிய அடுக்கிப் பாத்தேன், மூட்டையப் போட்டுப் பாத்தேன், ஒண்ணும் நிக்கல. கடைசில நானே அவருக்கு முதுகக் குடுத்து உக்காந்துட்டேன். அவரு அந்தப் பக்கம் பாத்து, நான் இந்தப் பக்கம் பாத்து. அப்படியே கண்ணசந்துடுவாரு. நான் கொஞ்சம் அசைஞ்சா போதும், "அஞ்சல, அஞ்சல"ன்னு தவிச்சிப் போயிடுவாரு. கக்கூசு கொல்லக் கடைசியில. கூட்டிக்கிட்டுப் போவணும், கூட்டிக்கிட்டு வரணும். அவருக்கு ஒடம்பு எளைச்சாலும் எலும்பு கனம். ஒரு வாட்டி அவரத் தாங்கிக்கிட்டு நானும் சேந்து விழுந்துட்டேன். எழுப்ப ஆளு வரவரைக்கும் ரெண்டு பேரும் மண்ணுலயே கெடந்தோம். அவரு சிரிக்கறாரு. "இப்படியே படுத்துக்கலாம்டி, சொகமா இருக்குது"ங்கறாரு.

அடுத்த மாசம் காட்டச் சொல்லிருந்தாங்க. ஆட்டோ வெச்சி, பஸ்ஸு ஏத்தி, எறக்கி, கூட்டிக்கிட்டுப் போனேன். நேரா பிரமிளாகிட்ட போயி அட்டைய நீட்டுனேன்.

"ஆயா, இன்னிக்கு இது வேணாம்"னுச்சு.

"ஏன், அன்னிக்கு எடுத்துக்கினியே?"

"அன்னிக்குத் தாத்தா படுத்தாரு ஆயா. பெட்டுல சேத்து வைத்தியம் பாத்தாத்தான் அட்டை. வந்து காட்டிட்டுப் போறதுக்குக் கெடையாது."

"நெஞ்சுக்கு ஸ்கேனு எடுக்கணுமாமே?"

"படுத்திருந்தா அதுல சேந்துடும். இப்ப வெளிய எடுக்கறதுன்னா நீங்கதான்."

"மாத்திரை?"

"வூட்டுக்குப் போறப்ப கொஞ்ச நாளைக்குக் குடுத்தோம்ல? அதோட சரி. அதுக்கப்புறம் நீங்கதான். சும்மா வேணும்னா கவர்மெண்டு ஆஸ்பத்திரியில போயி வாங்கிக்குங்க."

கவர்மெண்டு ஆஸ்பத்திரி வரிசையில நிக்கற தெம்பு அவருக்கும் இல்ல, அவர வுட்டுட்டுப் போற தெம்பு எனக்கும் இல்ல. நான் கேட்டேன்: "வூட்டுக்கு வந்து பாத்துக்க ஒரு நர்சு, ஒத்தாசைக்கு ஒரு பொம்பள, அந்த மாதிரி எதனா இந்த அட்டையில உண்டாம்மா? என்னால தூக்க முடியல."

அது அட்டைய என் கையிலயே திருப்பி வெச்சிச்சு. "அதுக்கெல்லாம் எந்த அட்டையும் கெடையாது ஆயா"ன்னுச்சு. அப்புறம் மெதுவா, "படுத்தாத்தான் உண்டு"ன்னுச்சு.

அத நல்லா மனசுல வாங்கிக்கம்மா. மைக்குல கத்துனவனுக்குத் தெரியாதது இதுதான். படுத்தாத்தான் உண்டு. பையனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அட்டை இருக்குல்லம்மா, அதுல பாருங்க"ன்னான். அட்டையில என்னாத்தப் பாக்கறது? அவரு போட்டோதான் இருக்குது.

அவருக்கு நீர் மாத்திரைன்னு ஒண்ணு குடுத்திருந்தாங்க. சின்னதா வெள்ளையா இருக்கும். அதுதான் எனக்குச் சத்துரு. போட்டா போதும், நீரு பிரிஞ்சிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு வாட்டியும் நான் கொல்லைக்குத் தாங்கிக்கிட்டுப் போவணும். ஒரு நாளு எனக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு, அசைய முடியல. இன்னிக்கு ஒரு நாளு வேணாம்னு வுட்டேன். அன்னிக்கு ரெண்டு பேருக்கும் நல்ல ஓய்வு. மறுநாளும் வுட்டேன். அப்புறம் மாத்திரையும் தீந்துபோச்சு, நானும் வாங்கல. காலு வீங்கிச்சு, மூஞ்சி வீங்கிச்சு, மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. பயந்துபோயி ஆம்புலன்சக் கூப்புட்டேன்.

போனோம். படுத்தாரு. அட்டை எடுத்துக்கிட்டாங்க.

ஸ்கேனு, அன்னிக்கு எடுக்க முடியாதுன்னாங்களே அதே ஸ்கேனு, எடுத்தாங்க. மாத்திரை குடுத்தாங்க. பெல்லு அமுக்குனா சிஸ்டரு வந்தாங்க. பையன் லீவு போட்டுட்டு ஓடியாந்தான். மாசக்கணக்கா வராதவன், அப்பா காலப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். நான் பாயப் போட்டுப் படுத்தேன். அப்பத்தாம்மா எனக்குப் புரிஞ்சுது. அட்டைக்கு மட்டுமில்ல, புள்ளைக்கும் அப்படித்தான். படுத்தாத்தான் உண்டு.

டாக்டரு சத்தம் போட்டாரு. "மாத்திரைய யாரு நிறுத்துனது? ஒழுங்கா சாப்புடறாரா இல்லையா?"

நான் என்னா சொல்லுவேன்? "குடுக்கறேங்க, அவருதான் துப்பிடறாரு"ன்னேன்.

டாக்டரு அவரப் பாத்தாரு. அவரு என்னைப் பாத்தாரு. மூக்குல குழா மாட்டிருக்குது, பேச முடியல. ஆனாலும் அதக் கொஞ்சம் தள்ளிட்டு, "ஆமாங்க, நான்தான் துப்பிடறேன்"னாரு. என்னை எவன்கிட்டயும் அவரு வுட்டுக் குடுத்ததே கெடையாதும்மா. அந்தக் காலத்துலேர்ந்தே அப்படித்தான்.

அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டேன்.

தப்பா நெனைக்காத. மாத்திரைய நிறுத்துனா டாக்டரு கண்டுபுடிச்சிடறாரு. அதனால மாத்திரையக் குடுத்துடுவேன், கடன் வாங்கியாவது குடுத்துடுவேன். பாவம், உப்பில்லாத கஞ்சியக் குடிச்சிக் குடிச்சி அவருக்கு நாக்கே செத்துப்போச்சு. "நாக்குல வெக்க முடியலடி"ன்னு தட்டத் தள்ளிடுவாரு. எனக்கு எப்பல்லாம் இடுப்பு தாங்கலையோ, எப்பல்லாம் கண்ணு இருட்டிக்கிட்டு வருதோ, அப்ப ஒரு நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு வெப்பேன். நல்லா புளி ஊத்தி, உப்பு தூக்கலா. கூட ஒரு சொம்புத் தண்ணி, அளக்காம. எப்படிச் சாப்புடுவாரு தெரியுமா? வெரல நக்கிச் சாப்புடுவாரு. அதப் பாக்கறதே கண்ணுக்கு அழகு. ரெண்டு நாளு, மூணு நாளு அப்படிக் குடுத்தா காலு வீங்கிடும். மூச்சு லேசா இழுக்கும். ஆம்புலன்சு. கவுண்டரு. மிசின்ல வெரலு. பாயி. தூக்கம். அவருக்கும் ருசி, எனக்கும் ஓய்வு, பையனும் வந்து பாப்பான். யாருக்கு என்னா நட்டம் சொல்லு?

இப்படி சில வாட்டி போயிட்டு வந்தோம். சிஸ்டருங்க எல்லாம் பழகிட்டாங்க. "வந்துட்டீங்களா ஆயா"ன்னு சிரிப்பாங்க. டாக்டருதான் வரவர சத்தம் போடறத வுட்டுட்டாரு. பையனைத் தனியாக் கூப்புட்டு, இருதயத்துல இனிமே தெம்பு இல்ல, ஒவ்வொரு வாட்டி வரப்பவும் கொஞ்சம் கொஞ்சமாக் கொறையுதுன்னாராம். இவன் அப்ப எங்கிட்ட சொல்லல. சொல்லிருந்தா? சொல்லிருக்கணும்ல?

கடைசி வாட்டி ஆடி மாசம். கொழம்பு கொதிக்கறப்பவே அவரு திரும்பிப் பாத்தாரு. வாசன வந்திருக்கும்ல. நான் தட்டுல போட்டு வெச்சேன். சோத்தப் பெசைஞ்சிக்கிட்டே கேக்கறாரு:

"ஏ அஞ்சல, மூட்ட கட்டிட்டியா?"

நான் காலையிலயே கட்டி கதவு மூலையில வெச்சிருந்தேன். அவரு லுங்கி, டம்ளரு, என் பொடவ, பாயி. அவரு உக்காந்த எடத்துலேர்ந்து அது தெரியாது. "எந்த மூட்ட?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல, எனக்கு அந்தக் கட்டம் போட்ட துண்ட எடுத்து வெய்யி. அங்க ஃபேனுக் காத்து குளுருது"ன்னுட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்து"ன்னாரு. எப்பவும் வெளையாட்டுதான் அவருக்கு. ஊத்துனேன். சாப்புட்டு முடிச்சிட்டு என் கையப் புடிச்சி, "நீ நல்லாத் தூங்கு"ன்னாரு. ஆம்பள இந்த மாதிரி சொல்லி நீ கேட்டிருக்கியா? நான் கேட்டதில்ல.

இந்த வாட்டி ரெண்டு நாளெல்லாம் தாங்கல. விடிஞ்சி நான் வாசல் தெளிச்சிட்டு வரேன், வாயில நொரை தள்ளுது. ஆம்புலன்சு வந்துது. போற வழியெல்லாம் உக்காந்தபடியே வந்தாரு, எனக்கு முதுகக் குடுத்துக்கிட்டு. அவசரப் பிரிவுல ஸ்ட்ரெச்சருலயே வெச்சி மூக்குக்கு மூடி போட்டாங்க, ஊசி போட்டாங்க, டாக்டருங்க சுத்தி நின்னு என்னென்னமோ பண்ணாங்க. பிரமிளா மிசினத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துச்சு. வெரலெல்லாம் வீங்கிக் கெடக்குது, ரேகை எடுக்கல. துணியில தொடச்சி வெச்சிப் பாத்துச்சு, எடுக்கல. "தாத்தா, இன்னொரு வெரலக் குடுங்க"ன்னுச்சு. குடுத்தாரு. "அடுத்த வெரலு தாத்தா"ன்னுச்சு. அதையும் குடுத்தாரு. அப்புறம் அது புடிச்சிருந்த கை அப்படியே கனத்துப்போச்சு. பிரமிளாவுக்குத்தான் மொதல்ல தெரிஞ்சுது. மிசினக் கீழ போட்டுட்டு அழுதுச்சு, பாவம்.

என் வயித்தெரிச்சல் எங்கன்னா, கேளு. ஆஸ்பத்திரிக்குள்ள வந்தாச்சு. ஊசி போட்டாச்சு, மருந்து ஏத்தியாச்சு. ஆனா வார்டுல சேக்கறதுக்கு முன்னாடியே உசுரு போயிட்டதால, படுத்ததா கணக்கு இல்லயாம். அட்டையில வராதாம். பொணத்த ஊருக்குக் கொண்டாற வண்டிக்கும் அதுல எடமில்லயாம். மனுசன் காலு நீட்டிப் படுத்துக் கெடக்கறாரு என் கண்ணு முன்னால. இதுக்கு மேல எப்படிப் படுக்கணும்ங்கறாங்க?

சாவுக்கு வந்த மருமவ அடுப்படிக்குப் போயி, கழுவாமக் கெடந்த கொழம்புச் சட்டிய மோந்து பாத்தா. நேரா புருசன்கிட்ட போயி நின்னா. அவன் வந்து, "உப்பே கூடாதுன்னு சொன்னாங்களேம்மா"ங்கறான். "அப்ப நீ கூட இருந்து பத்தியமா ஆக்கிப் போட்டிருக்கணும்டா"ன்னேன். என் மூஞ்சப் பாக்காமப் போனவன்தான், இன்னிக்கு வரைக்கும் ஒரு போனு இல்ல. என்னமோ நான் வேணும்னு பண்ண மாதிரி. மூச்சு முட்டறப்பெல்லாம் முதுகக் குடுத்தவ யாரு? இவனா?

இப்ப வூட்டுல ஒரு வேலையும் இல்ல. ஆக்கறதுக்கு ஆளு இல்ல, தூக்கறதுக்கு ஆளு இல்ல. பாயி இருக்குது, எடம் இருக்குது. படுத்தா தூக்கந்தான் வரமாட்டேங்குது. எழுந்து உக்காந்துக்கறேன். பின்னால சாயலாம்னு போறேன், பின்னால ஆளு இல்ல. அதான், இப்படிப் பொறப்பட்டு அந்தக் கவுண்டருக்குப் போயிடறேன். அன்னிக்குப் படுத்ததாத்தான் எழுதணும்னு கேப்பேன். பிரமிளா நாற்காலியப் போட்டு உக்காரச் சொல்லும். டீ வாங்கித் தரும். சாயந்தரம் பஸ்ஸுல வந்துடுவேன்.

என் கதைய வுடு. உனக்கு ஏம்மா கண்ணு ரெண்டும் இப்படிக் குழி விழுந்து கெடக்குது? தூங்கி எத்தினி நாளாச்சு? அடிக்கடி அந்த போனையே பாக்கறியே, மாமியாரத் தனியா வுட்டுட்டு வந்திருக்கியா? தெரியும், எனக்குத் தெரியாதா. புருசன் ஒத்தாசை பண்றதில்லையா? நாத்தனாரு எட்டிப் பாக்கறதில்லையா? பாக்கமாட்டாங்கம்மா. படுத்தாத்தான் வருவாங்க.

அட்டைய மொதல்ல வாங்கிடு. அது கையில இருந்தா தைரியமா இருக்கலாம். உன் மாமியாருக்கும் காலு வீங்கறதா சொன்னல்ல? அப்ப இதே வியாதியாத்தான் இருக்கும். அவங்களுக்கு என்னா புடிக்கும், கருவாடா, ஊறுகாயா?

ஏம்மா, எழுந்துக்கற? கடலூரு இன்னும் வரலையே. இது நெல்லிக்குப்பம்தான். பைய எடுத்துக்கிட்டு எங்க போற, அங்க நிக்கத்தான் எடமிருக்குது. உக்காரும்மா. நீ நல்லா இருக்கணும்னுதானே சொல்றேன்.